116 படிக்கு மேலே ஒரு ரயில்

2018 மார்ச் 31 அன்று ஜப்பானில் ஒரு ரயில் பாதை காலமானது. பெயர் சான்கோ. நீளம் 108.1 கிலோமீட்டர், நிலையங்கள் 35. ஜப்பான் கடலோரத்தில் ஷிமானே மாகாணத்துக் கோட்சு என்ற ஊரில் தலை, மலைகளுக்கு நடுவே ஹிரோஷிமா மாகாணத்து மியோஷியில் வால். அதன் முதல் துண்டில் வண்டி ஓடியது 1930-ல். இரு முனையும் ஒன்று சேர்ந்தது 1975-ல். உடம்பு முழுசாக உருவாக 45 ஆண்டு. அந்த முழு உடம்போடு வாழ்ந்ததோ 42 ஆண்டும் 7 மாதமும்தான்.

பேரிலேயே பிறந்த கதை இருக்கிறது. மியோஷி என்று எழுதும்போது முதலில் வரும் எழுத்தைச் ‘சான்’ என்றும் படிக்கலாம். கோட்சுவின் முதல் எழுத்தைக் ‘கோ’ என்று படிக்கலாம். இரண்டையும் சேர்த்தால் சான்கோ. மாப்பிள்ளை வீட்டுப் பெயரில் பாதி, பெண் வீட்டுப் பெயரில் பாதி எடுத்துப் பிள்ளைக்கு வைத்த மாதிரி. ஆனால் இரண்டு வீடும் 45 வருஷம் நேரில் சந்தித்துக்கொள்ளவில்லை.

இரண்டு ஊருக்கும் நடுவே நேர்கோடு போட்டால் 60 கிலோமீட்டர் சொச்சம். ரயில் 108 கிலோமீட்டர் சுற்றியதற்குக் காரணம் கோனோகாவா ஆறு. ஜப்பானின் மேற்குப் பகுதியில் உள்ள சூகோகு வட்டாரத்தின் மிகப் பெரிய ஆறு அது. 194 கிலோமீட்டர் ஓடுகிறது. உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் ‘சூகோகு தாரோ’. தாரோ என்பது ஜப்பானில் மூத்த பையனுக்கு வைக்கும் பெயர். மூத்த பையன் மலைகளுக்குள் தன் இஷ்டத்துக்கு வளைந்து நெளிந்து போகிறான்; தண்டவாளம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனது. பல இடங்களில் ஆறுதான் இரண்டு மாகாணங்களுக்கும் எல்லை. அக்கரை ஹிரோஷிமா, இக்கரை ஷிமானே. ரயில் அதையும் பொருட்படுத்தாமல் இங்கும் அங்கும் தாவும்.

ரயிலுக்கு முன்னால் அந்த ஆறே சாலை. அடி தட்டையான படகுகளில் சரக்கு ஏறும், இறங்கும். கோட்சுவிலிருந்து ஆற்றோரமாக மேலே ஏறி வந்த தண்டவாளம் 1937-ல் ஹமஹாரா வரை வந்தது. மிச்சத்துக்கு வேலை தொடங்கியது, போர் வந்தது, வேலை நின்றது. போருக்குப் பின் எதிர்முனையிலிருந்து ஆரம்பித்தார்கள். மியோஷியிலிருந்து ஷிகிஜிகி வரை 1955-ல், அங்கிருந்து குச்சிபா வரை 1963-ல். இடையில் 29.6 கிலோமீட்டர் இடைவெளி. அதை அடைத்தது 1975 ஆகஸ்ட் 31 அன்று.

அந்த 45 வருஷத்திலும் அதற்குப் பிறகும் ஊர் என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம். ஷிமானே மாகாணத்தில் 1955-ல் 9 லட்சத்து 29 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2015-ல் 6 லட்சத்து 94 ஆயிரம். கரி சுட்டும் காகிதம் செய்தும் பிழைத்த மலையூர்களுக்கு, சமையல் எரிவாயு வந்த பிறகு கரி விற்கவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்த பிள்ளைகள் ஒசாகா பக்கம், ஹிரோஷிமா பக்கம் ஆலை வேலைக்குப் போனார்கள். 1963 குளிர்காலத்தில் பெய்த பெரும்பனி பல மலையூர்களை ஒரே அடியாக அடைத்துப் போட்டது. அதற்குப் பிறகு குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். ஆள் குறைந்து ஊர் ஊராக இல்லாமல் போவதற்கு ஜப்பானியர்கள் ‘காசோ’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் பிறந்த இடம் என்று சொல்லப்படும் ஹிகிமியும் ஷிமானே மலையூர்தான்.

ஆக, ரயில் வந்து சேர்ந்தபோது ஏறுவதற்கு ஆள் கிளம்பிப் போயிருந்தது. அதன் சாவைப் பற்றிப் பிறகு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: கார், சாலை, வெள்ளம், நிர்வாகம். எல்லாம் உண்மைதான். எனக்கென்னவோ இது வயிற்றிலேயே பிந்திப்போன குழந்தை என்றுதான் தோன்றுகிறது.

1980-களில் ஜப்பான் அரசு நஷ்டத்தில் ஓடும் கிளைப் பாதைகளை வரிசையாக மூடியது. ரயில் துறையையே 1987-ல் துண்டு போட்டுத் தனியார் நிறுவனங்களாக்கியது. அந்த வெட்டில் சான்கோவின் தலை தப்பியது. ஏன் தெரியுமா? ரயிலை நிறுத்தினால் பஸ் விடுவதற்கு உருப்படியான சாலை இல்லை என்பதால். ஊரின் குறைதான் ரயிலுக்கு ஆயுள். பிறகு சாலைகள் ஒவ்வொன்றாக அகலமாயின, மலைகளில் சுரங்கங்கள் வந்தன. ஊருக்கு நல்லது நடக்க நடக்க ரயிலுக்கு நாள் எண்ணப்பட்டது.

எண்ணிக்கை இப்படி: பாதையின் ஒவ்வொரு கிலோமீட்டரையும் சராசரியாக ஒரு நாளைக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று ரயில் நிறுவனங்கள் கணக்கு வைத்திருக்கும். சான்கோவுக்கு 1987-ல் அது 458. 2014-ம் நிதியாண்டில் 50. அந்த ஆண்டு சில மாதம் பாதை வெள்ளத்தில் அடிபட்டுப் படுத்துக் கிடந்ததே என்று வாதாடலாம். அடுத்த ஆண்டு முழுக்க ஓடியும் 58-தான். ஒரு கல்யாண வீட்டு வேன் நாலில் அடங்கிவிடும்.

அந்த 58 பேரில் ஒருவராக ஏறினால் எப்படி இருந்திருக்கும்? ஒற்றைப் பெட்டி, டீசல் வண்டி. நடத்துநர் கிடையாது. பின்கதவு வழியாக ஏற வேண்டும். கதவோரத்தில் உள்ள சின்ன இயந்திரம், எண் அச்சிட்ட துண்டுச் சீட்டு ஒன்றை நாக்கு நீட்டுவது போல் நீட்டும். ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு பலகை. நம் சீட்டிலுள்ள எண்ணுக்கு நேரே கட்டணம் நிலையத்துக்கு நிலையம் ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது முன்னால் போய், அந்தத் துண்டுச் சீட்டையும் சில்லறையையும் பெட்டியில் போட்டுவிட்டு, ஓட்டுநருக்கு ஒரு தலையசைப்பு. முனையிலிருந்து முனைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். நாளைக்கு நாலைந்து வண்டி. காலையில் ஒன்றை விட்டால் அடுத்ததற்குள் ஒரு தூக்கமும் ஒரு சாப்பாடும் முடிந்துவிடும்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனதற்கு ஆற்றின் வளைவு மட்டும் காரணமில்லை. மலைச்சரிவிலிருந்து கல் உருளும் இடங்களில் வண்டி 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. சரிவுகளைக் கட்டிக் காப்பாற்றுவதைவிட மெதுவாகப் போவது மலிவு. இதற்கு ரயில் பைத்தியங்கள் வைத்த பெயர் ‘ஹிஸ்ஸட்சு ஜொகோ’. ஜொகோ என்றால் மெதுவோட்டம். ஹிஸ்ஸட்சு என்றால், ஆளை நிச்சயமாகத் தீர்த்துவிடுவது. மெதுவாகப் போயே கொல்வது. இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, நல்ல எழுத்தாளராக வந்திருக்க வேண்டியவர்.

ஆறும் சும்மா இருக்கவில்லை. 2006 ஜூலை மழையில் பாதை அறுந்து, 2007 ஜூனில்தான் முழுசாக ஓடியது. 2013 ஆகஸ்ட் மழையில் பாலத் தூணே போயிற்று. 2014 ஜூலை வரை ஆனது. ஒவ்வொரு முறையும் ஒரு வருஷம் போல் பஸ் ஓடியது. சனங்களும் பஸ்ஸுக்குப் பழகினார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிடும் பஸ்ஸைக் குறை சொல்ல எந்தக் கிழவியால் முடியும்? 2016 செப்டம்பரில், பாதையை நடத்திய ரயில் நிறுவனம் அதை மூடுவதாக அறிவித்தது. தனியார்மயமான பிறகு ஜப்பானின் பெருந்தீவான ஹோன்ஷுவில் 100 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாதை முழுதாக மூடப்படுவது அதுவே முதல் முறை.

ஆனால் உசுய் நிலையத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த இரங்கலை முடிக்க முடியாது.

கடைசியாகக் கட்டிய அந்த 29.6 கிலோமீட்டரில் பொறியாளர்கள் ஆற்றின் பேச்சைக் கேட்கவில்லை. மலையைக் குடைந்து நேராகப் போனார்கள். அதனால் மற்ற இடங்களில் நத்தையாக ஊர்ந்த வண்டி இங்கே மட்டும் ஓடியது. ஒரு மலையிலிருந்து வெளியே வரும் பாதை அடுத்த மலைக்குள் நுழையும் முன் குறுக்கே சின்னப் பள்ளத்தாக்கு. அதன் மேல் பாலம், தரையிலிருந்து 20 மீட்டர் உயரம். கீழே சில வீடுகள், வயல். அவர்களுக்கும் நிலையம் வேண்டுமே. பாலத்தின் மேலேயே வைத்துவிட்டார்கள். பக்கத்தில் ஜன்னல் வைத்த கான்கிரீட் கோபுரம், உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் படிகள். மொத்தம் 116. லிஃப்ட் இல்லை.

கீழே நின்று பார்த்தால், வயலுக்கு நடுவில் யாரோ அடுக்குமாடி கட்ட ஆரம்பித்துப் படிக்கட்டோடு நிறுத்திவிட்ட மாதிரி இருக்கும். ஏறினால் முழங்கால் சொல்லும் இது ஐந்தாறு மாடி என்று. மேலே போனால் ஒடுங்கிய நடைமேடை, ஒரு காத்திருப்பு அறை, இருபுறமும் சுரங்க வாய். கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஷிமானேயின் இவாமி வட்டாரத்துக்கே உரிய செம்பழுப்பு ஓட்டு வீடுகள், தீப்பெட்டி அளவில். பத்திரிகைகள் ‘வானத்து நிலையம்’ என்று எழுதின. படம் எடுக்க வந்தவர்கள் காரில் வந்தார்கள், 116 படி ஏறினார்கள், படம் எடுத்தார்கள், இறங்கிக் காரில் போனார்கள். ரயிலுக்கு அதனால் ஒரு யென் வரவில்லை. உள்ளூர்க்காரர்கள் அந்தக் கோபுரத்தையும் பாலத்தையும் விளக்குகளால் அலங்கரித்து விழாவே எடுத்தார்கள்.

இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். இவாமி வட்டாரம் காகுரா ஆட்டத்துக்குப் பேர்போனது. முகமூடியும் ஜரிகை உடையும் போட்டு, மேளமும் குழலும் முழங்க, சாமிகளும் அரக்கர்களும் விடிய விடிய ஆடுவார்கள். எட்டுத்தலை நாகமான ஒரோச்சியை சுசானோ என்ற தேவன் வெட்டுவதுதான் உச்சக் காட்சி. மூங்கில் வளையத்தில் காகிதம் ஒட்டிச் செய்த நாகம், உள்ளே ஒரே ஓர் ஆள். உடல் 17 மீட்டர் வரை நீளும். சான்கோவில் ஓடிய ஒற்றைப் பெட்டியின் நீளம் ஏறக்குறைய 16 மீட்டர். (இதை யாரும் கவனித்தார்களா தெரியவில்லை. நான் கணக்குப் பார்த்தபோது சிரிப்பு வந்தது.) பாதையின் நிலையங்களுக்கு இந்த ஆட்டக் கதைகளின் பெயர்களைச் செல்லப் பெயராகச் சூட்டிப் பலகை வைத்தார்கள். இன்ன சாமி நிலையம், இன்ன அரக்கன் நிலையம் என்று. ரசனையான வேலை. ஆனால் பள்ளிப் பிள்ளையும் ஆஸ்பத்திரிப் பாட்டியும் பலகையைப் பார்த்து வண்டி ஏறுவதில்லை.

மூடப் போகிறோம் என்று அறிவித்ததும் கூட்டம் வந்தது. ஒற்றைப் பெட்டியோடு பெட்டி சேர்க்க வேண்டி வந்தது. இருக்கை கிடைக்காமல் மூன்று மணி நேரம் நின்றபடியே போனார்கள். உஷியோ நிலையத்தின் நடைமேடையை ஒட்டி ஆற்றோரமாகச் செர்ரி மரங்கள் வரிசையாக நிற்கும்; கடைசி நாள் அந்தப் பூக்காலத்திலேயே விழுந்தது. கேமராக்காரர்கள் கரையெங்கும் முக்காலி ஊன்றிக் காத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் கொடி அசைத்தார்கள்.

சாவு வீட்டுக் கூட்டத்தைப் பார்த்து, இவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருக்கும்போது எட்டிப் பார்த்திருந்தால் என்று முணுமுணுப்பது நம் வழக்கம். சான்கோ விஷயத்தில் அந்த முணுமுணுப்பு எடுபடாது. ஒசாகாக்காரனும் டோக்கியோக்காரனும் வருஷத்துக்கு ஒரு முறை வந்து ஏறியிருந்தாலும் அந்த 58 சட்டென்று 458 ஆகியிருக்காது. ரயிலை வாழவைப்பது தினம் ஏறுகிறவன். அவன் 1960-களிலேயே பெட்டி கட்டிவிட்டான். பயணிக்கத் தகுந்த அழகான பாதை என்று ஊரெல்லாம் பேர் வாங்குவதே ஒரு பாதைக்குக் கெட்ட சகுனமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அழகைப் பார்க்க நேரம் கிடைப்பது காலியான பெட்டியில்தானே.

ஏப்ரல் 1 முதல் பஸ்கள். மூன்று மாதம் கழித்து, 2018 ஜூலையில், மேற்கு ஜப்பானையே புரட்டிப் போட்ட பெருமழை வந்தது. கோனோகாவா கரை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. ரயில் இருந்திருந்தால் அன்றைக்குப் போயிருக்கும். இந்த முறை யாரும் தூண் கட்டிக் கொடுத்திருக்க மாட்டார்கள். கொடியசைப்பும் பூவும் இல்லாமல், சேற்றோடு போயிருக்கும்.

பல இடங்களில் தண்டவாளத்துக்கு மேல் புல் மண்டிவிட்டது. குச்சிபாவிலும் உசுயிலும் உள்ளூர்த் தொண்டு அமைப்பு ஒன்று தண்டவாளத்தில் சின்ன ட்ராலி ஓட்டுகிறது. ‘கோனோகாவா ரயில்வே’ என்று தன் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது. உசுயில் அந்த 20 மீட்டர் உயரப் பாலத்தின் மேல் கொஞ்ச தூரம் போய்த் திரும்பும். ஏறுவதற்கு முன் 116 படி ஏற வேண்டும். லிஃப்ட் இன்னும் வைக்கவில்லை.