கடிதம் போய்ச் சேர்ந்த வீடு

கொங்கு நாட்டுக் குடும்பம் ஒன்றை அதன் தாள்கள் வழியே படிக்க வேண்டுமென்றால் குமாரமங்கலம் ஜமீனை எடுத்துக்கொள்ளலாம். திருப்பூரிலிருந்து ஈரோடு போய்க் காவிரியைத் தாண்டினால் திருச்செங்கோடு. அதற்குப் பக்கத்து ஊர். டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட மூத்த மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி.

இவ்விருவருக்கும் தாள் பஞ்சமில்லை. அப்பாவைத் தேடினால் அரசாணைகள், சட்டசபைக் குறிப்புகள். மகனைப் பட்டாளம் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்தே தேதி போட்டு எழுதத் தொடங்கிவிட்டது: 1933-இல் அதிகாரி, 1942-இல் வட ஆப்பிரிக்கப் போரில் கைதி, இத்தாலியில் தப்பியவர், மறுபடி பிடிபட்டவர். அவர் தொலைந்துபோன மாதங்களுக்கும் ஒரு பதிவு இருக்கும்.

அதே வீட்டில் ராதாபாய் இருந்தார். மங்களூரில் தலித் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்து சொந்தச் சாதியாரின் விலக்கத்துக்கு ஆளான குட்முல் ரங்காராவின் மகள். கவுண்டர் ஜமீன்தாருக்கும் சாரஸ்வதப் பிராமணப் பெண்ணுக்கும் நூறாண்டுக்கு முன் திருமணம் நடந்திருக்கிறது. சாதி மாறிக் கட்டியவர்கள் இன்றும் ஊரைவிட்டு ஓடவேண்டியிருக்கிற மண் இது.

1930-இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இந்தியப் பெண்கள் இருவரே: பேகம் ஜஹனாரா ஷா நவாஸும் ராதாபாயும். அனுப்பியது அரசு, பெண்கள் அமைப்புகள் அல்ல. அந்த அமைப்புகள் சலுகை வேண்டாம், எல்லோருக்கும் வாக்குரிமையும் சம உரிமையும் போதும் என்றன. ராதாபாயோ இடம் ஒதுக்காவிட்டால் ஆண்கள் நம்மை உள்ளே விடமாட்டார்கள் என்று வாதிட்டார். லோதியன் பிரபு தலைமையிலான வாக்குரிமைக் குழுவிலும் உறுப்பினரானார். சொத்து வைத்திருப்பவரின் மனைவிக்கு வாக்கு என்ற ஏற்பாட்டை அவர் ஆதரித்ததை என்னால் செரிக்க முடியவில்லை. கணவன் காட்டைக் காட்டி வாங்கிய ஓட்டு அது. கூலிக்குக் களை எடுத்தவளுக்கு அதில் பங்கில்லை. ஆனால் ஒதுக்கீடு பற்றி அவர் சொன்னது சரி. 33 விழுக்காட்டுச் சட்டம் நிறைவேற 2023 ஆயிற்று. 2024 தேர்தலில்கூட அது நடைமுறைக்கு வரவில்லை.

இந்த வாதங்களுக்கு நடுவே ராதாபாய் எழுதிய கடிதங்களைப் படிக்க லண்டனுக்குத்தான் போக வேண்டும். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எலினார் ராத்போன் தனக்கு வந்தவற்றைச் சேர்த்து வைத்தார். அவை அங்குள்ள பெண்கள் நூலகத்தில் இருக்கின்றன. ஒரு பெண்ணின் எழுத்தைத் தேடுகிறவர் அவளுக்கு வந்த கடிதங்களை மட்டும் தேடினால் போதாது. அவள் யாருக்கு எழுதினாள் என்று கேட்டு, அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

மகள் பார்வதி கிருஷ்ணன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டுக் கம்யூனிஸ்டாகத் திரும்பியவர். கோவைத் தொழிலாளர்கள் நடுவே சங்க வேலை பார்த்தவர். தந்தை 1947-48-இல் மாகாண உள்துறை அமைச்சர். பார்வதியும் அண்ணன் மோகனும் அந்த அரசு வேட்டையாடிய கட்சியில். அந்த வீட்டில் சாப்பாட்டு வேளையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எந்த அரசாணையும் எழுதி வைக்காது. 1973 மே 31 அன்று தில்லி அருகே நடந்த விமான விபத்தில் மோகனும், கோவை நாடாளுமன்ற உறுப்பினர் கே. பாலதண்டாயுதமும் இறந்தார்கள். காலியான கோவைத் தொகுதியில் 1974-இல் நின்று வென்றவர் பார்வதி. அண்ணனைப் பறித்த விபத்தே தங்கைக்குத் தேர்தலைக் கொண்டுவந்தது. நாடாளுமன்றத்தில் அவர் பேசியது அச்சில் இருக்கிறது. ஆலை வாசலில் பேசியதைக் கேட்டவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேலாகிறது. ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறவர்கள் சீக்கிரம் போக வேண்டும்.

ஜமீன் வீட்டுப் பெண்களுக்கே இதுதான் கதி என்றால் பனியன் கம்பெனிப் பெண்களின் தாள் எங்கே? வீட்டில் அம்மா பெயர் எழுதிய மிகப் பழைய தாளைக் கொண்டுவரச் சொல்லி மாணவிகளிடம் கேட்பதுண்டு. நிலப் பத்திரம் வந்ததேயில்லை. ரேஷன் அட்டை, ஈ.எஸ்.ஐ. அட்டை, குழுக் கடன் பாஸ்புக் வரும். ஒருத்தி நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். பவர்டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அம்மா, அன்றாடம் முடித்த டஜன் கணக்கைத் தேதிவாரியாக எழுதியிருந்தார். கம்பெனிக் கணக்கில் குறையும்போதெல்லாம் சனிக்கிழமை சம்பளத்தின்போது அதைத்தான் விரித்துக் காட்டுவாராம். ஓரத்தில் பால் பாக்கி, மகளின் கல்லூரிப் பணம். அட்டையில் பெயர் மட்டும் எழுதவில்லை. மகளிடம் பேனா கொடுத்து எழுதச் சொன்னேன்.