வாசிக்க இயலாத எழுத்துகள்

சத்தியவேட்டிலிருந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்து அருங்காட்சியகத்திற்குச் சென்றிருந்தேன். 1966இல் அக்கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர், இம்ப்ரஷனிசத்திற்குப் பின்வந்த வான்கோவின் வண்ணங்களில் ஒருகாலத்தில் தோய்ந்தவர். 1954இல் ஐரோப்பா சென்று திரும்பியபின், இந்திய ஓவியத்திற்குரிய மொழி எது என்னும் வினா அவரை விடவில்லை. 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை அதன் விளைவு. மலையாளம்போல் தோன்றும் அவ்வெழுத்துகளை மலையாளிகளாலும் வாசிக்க இயலாது. மொழியியல் பயின்ற எனக்கு முதலில் எரிச்சலே மூண்டது.

1960 எல்லை மாற்றத்தில் எங்கள் பகுதி ஆந்திரத்துடன் இணைந்தது. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த என் பாட்டி, பேருந்துப் பலகையின் தெலுங்கைச் சுழிகளின் வடிவம் கொண்டே அடையாளம் கண்டு ஏறுவார். பணிக்கரின் எழுத்துகளை நானும் அவ்வாறே பார்க்க நேர்ந்தது.