ஓ'ஷானஸி: ஒரு ஒற்றைக் குறியும் பல ஊர்களும்

பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் பில்லிங் வேலை ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுவிட்டது. லாகைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு ரெக்கார்டில் சிக்கல். வாடிக்கையாளரின் பெயர் ஓ'ஷானஸி. எஸ்.க்யூ.எல் எழுதியவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். பெயருக்குள் இருக்கும் அந்த ஒற்றை மேற்கோள் குறியை "சரம் இங்கே முடிகிறது" என்று டேட்டாபேஸ் எடுத்துக்கொண்டு, மிச்சமுள்ள "ஷானஸி" என்ன கட்டளை என்று தெரியாமல் திணறி விழுந்துவிட்டது.

தூக்கக் கலக்கத்தில் நான் செய்த "ஃபிக்ஸ்" ஒரே வரி: பெயரில் ஒற்றைக் குறி இருந்தால் எடுத்துவிடு. வேலை ஓடியது. நானும் தூங்கப் போனேன்.

அடுத்த மாதம் ஒரு புகார் கைமாறி கைமாறி என்னிடம் வந்தது. "என் பெயர் ஓஷானஸி இல்லை. யார் மாற்றியது?" அவ்வளவுதான் விஷயம். மேனேஜர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் "ஒரு சின்னக் குறிக்கு இவ்வளவு கோபமா?" என்ற கேள்வி மட்டும் போகவில்லை. அந்தப் பெயரைத் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, அந்த மனிதருடைய கோபம் நியாயம்தான் என்று தோன்றியது.

குறி எங்கிருந்து வந்தது?

முதல் ஆச்சரியம்: ஐரிஷ் மொழியில் அந்தக் குறியே கிடையாது. அங்கே இருப்பது தலையில் ஒரு சாய்கோடு போட்ட ஓ. "பேரன்" அல்லது "வழிவந்தவன்" என்று பொருள். பழைய வடிவம் "உவா". மாக் என்றால் மகன். பெண்களுக்கு வேறு கணக்கு. ஓ குடும்பத்தில் பிறந்த மகள் "நீ" போடுவாள், அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் "பான் ஈ" போடுவாள். அதாவது பெயரைப் பார்த்தாலே பிறந்த வீடா, புகுந்த வீடா என்று தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாக்கள் அந்தச் சாய்கோட்டை ஒற்றைக் குறியாக்கிவிட்டார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆங்கிலத்தின் "ஆஃப்" என்ற சொல்லின் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டார்களாம். ஆக, என் டேட்டாபேஸைக் கவிழ்த்தது ஒரு பழைய டேட்டா என்ட்ரி கோளாறு!

முழு ஐரிஷ் பெயர் "ஓ ஷக்னசி". ஷக்னசக் என்பவரின் வழிவந்தவர்கள் என்று அர்த்தம். அந்த ஆள்பெயருக்கு, "தவிர்த்தல்" என்ற வினைச்சொல்லை வைத்து, "பிடிகொடுக்காதவன்" என்று பொருள் சொல்வார்கள். டேட்டாபேஸுக்கும் பிடிகொடுக்கவில்லை பாருங்கள்.

வள்ளல் வம்சம்

இந்தக் குடும்பத்தின் சொந்த மண் அயர்லாந்தின் மேற்கே, கால்வே மாவட்டத்தின் தென்பகுதி. பழைய பெயர் ஐனே. அவர்களுடைய தலைமை இடம் கோர்ட் (வழக்காடும் கோர்ட் இல்லைங்க, ஊர்ப் பெயரே அதுதான்). ஐரிஷில் அந்த ஊரின் முழுப்பெயருக்கு "குவாரெயின் தீவிலுள்ள வயல்" என்று பொருள்.

யார் இந்த குவாரெ? 7-ஆம் நூற்றாண்டில் கனாக்ட் பகுதியை ஆண்ட அரசர். நமக்குப் பாரி எப்படியோ, அவர்களுக்கு குவாரெ அப்படி. கொடுத்துக் கொடுத்தே அவருடைய வலது கை இடது கையைவிட நீளமாகிவிட்டது என்று ஒரு கதை உண்டு. ஓ'ஷானஸிகள் தங்கள் வம்சாவளியை இவருடைய மரபோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

இன்னொரு சுவாரசியம். ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப்பெயர் முதலில் தோன்றிய இடங்களில் அயர்லாந்தும் ஒன்று. மிகப் பழைய பதிவு என்று அடிக்கடி காட்டப்படுவது, 916-இல் இறந்த டியர்னாக் உவா கிளேரி என்பவரின் பெயர். அவர் எந்தப் பகுதியின் தலைவர் தெரியுமா? இதே ஐனே! அதாவது "ஓ" போடும் பழக்கத்தின் மிகப் பழைய தடயமே ஓ'ஷானஸிகளின் ஊர்ப்பக்கம்தான் கிடைக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட எழுத்தை நான் ஒரு ரீப்ளேஸ் வரியில் காலி செய்திருக்கிறேன்.

நிலம் போனது, எழுத்தும் போனது

பெயரின் மீது அதிகாரம் கை வைப்பது நம் காலத்துச் சங்கதி மட்டும் இல்லை. 1465-லேயே ஒரு சட்டம் வந்தது. டப்ளினைச் சுற்றி ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும், ஊர், நிறம், தொழில் இப்படி ஏதாவது ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றது அது.

கால்வே அப்போது அந்த வளையத்துக்கு வெளியே இருந்தது. ஆனால் அதிகாரம் மெதுவாக அங்கேயும் வந்து சேர்ந்தது. 1543-இல் குடும்பத் தலைவர் டெர்மட், தன் நிலத்தை எட்டாம் ஹென்றியிடம் ஒப்படைத்துவிட்டு, "சர்" பட்டத்தோடு திரும்ப வாங்கிக்கொண்டார். தன் நிலத்தைத் தானே தானமாக வாங்குவது! அந்தக் காலத்தில் ஐரிஷ் தலைவர்கள் பலர் செய்த சமரசம் இது.

1690-இல் பாயின் போர். ரோஜர் ஓ'ஷானஸி தோற்ற பக்கத்தில், ஜேம்ஸ் மன்னருக்காக நின்றார். அதே ஆண்டில் இறந்தும் போனார். மகன் வில்லியம் பிரான்சுக்குப் போய், அந்த நாட்டுப் படையில் தளபதியாக உயர்ந்து, 1744-இல் அங்கேயே மறைந்தார். கோர்ட் நிலம் தாமஸ் பிரெண்டர்காஸ்ட் என்பவருக்கு 1697-இல் போனது. மூன்றாம் வில்லியம் மன்னரைக் கொல்ல நடந்த சதியை முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததற்குப் பரிசு.

நிலம் இழந்த ஒரு சமூகம் அடுத்து எதை இழக்கும்? ஆங்கில ஆட்சியில் வேலை, வியாபாரம் என்று போனவர்கள் "ஓ"வையும் "மாக்"கையும் உதிர்த்தார்கள். ஓ'ஷானஸி, ஷானஸி ஆனது. 1893-இல் கேலிக் லீக் தோன்றி ஐரிஷ் மொழி மீட்பு சூடு பிடித்த பிறகு, உதிர்த்ததைப் பலர் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். ஐரிஷ் குடும்பப்பெயர் ஆய்வின் பிதாமகர் என்று சொல்லப்படும் எட்வர்ட் மக்லைசட்கூட லைசட் ஆகப் பிறந்து, 1920-இல் "மாக்" சேர்த்துக்கொண்டவர்தான்.

நம் ஊருக்குத் தந்தி கொண்டுவந்தவர்

ஒரு எச்சரிக்கை. ஒரே குடும்பப்பெயர் என்றால் ஒரே குடும்பம் என்று அர்த்தமில்லை. இனி வருபவர்களை உறவுக்காரர்களாக இல்லாமல், ஒரு பெயரைச் சுமந்தவர்களாக மட்டும் பாருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் லிமரிக்கில் பிறந்த வில்லியம் புரூக் ஓ'ஷானஸி. எடின்பரோவில் 1829-இல் மருத்துவப் பட்டம். 1831-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தில் காலரா வந்தபோது அங்கே போய் நோயாளிகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார். நீரும் உப்பும் வெளியேறிவிடுகின்றன, அவற்றைத் திரும்ப உடம்புக்குள் செலுத்த வேண்டும் என்று எழுதினார். 1832-இல் தாமஸ் லாட்டா என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அதைச் செய்தே காட்டினார். இன்று ஆஸ்பத்திரியில் "டிரிப்ஸ் ஏத்துறாங்க" என்கிறோமே, அந்தக் கதையின் தொடக்க அத்தியாயம் இது.

1833-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வங்காளம் வந்தார். கல்கத்தாவில் கஞ்சாவின் மருத்துவக் குணங்களை ஆராய்ந்து 1839-இல் கட்டுரை எழுதினார். ஐரோப்பிய மருத்துவ உலகம் அதைக் கவனித்தது அதற்குப் பிறகுதான். அதே ஆண்டு கல்கத்தாவில் கம்பி இழுத்துத் தந்திச் சோதனையும் செய்தார். டாக்டருக்கு எதற்கு இந்த வேலை என்று யாரும் கேட்கவில்லை போல!

1851-இல் கல்கத்தாவிலிருந்து டைமண்ட் ஹார்பருக்குத் தந்தி ஓடியது. டல்ஹவுசி முழு நாட்டு வேலையையும் இவரிடமே கொடுத்தார். 1855-க்குள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மதராஸ் எல்லாம் இணைந்துவிட்டன. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தி சேவையை மூடியபோது கடைசித் தந்தி கொடுக்க வரிசையில் நின்றோமே, அந்தக் கம்பியின் முதல் முனையைப் பிடித்தவர் இவர்.

1857-இல் பிரிட்டிஷாருக்குக் கை கொடுத்ததும் இதே தந்திதான். ஆங்கில அரசிடம் நிலத்தைப் பறிகொடுத்த வம்சத்தின் பெயரைத் தாங்கிய ஒருவர், அதே அரசின் நரம்பு மண்டலத்தை இன்னொரு நாட்டில் போட்டுக்கொடுத்தார். 1856-இல் "சர்" பட்டமும் கிடைத்தது.

பிறகு நடந்தது இன்னும் விநோதம். 1861-இல் அரச அனுமதியோடு தன் பெயரை ஓ'ஷானஸி புரூக் என்று மாற்றிக்கொண்டார். புரூக் கடைசிக்கு வந்தது, ஓ'ஷானஸி நடுவில் போய் உட்கார்ந்தது. அகரவரிசையில் தேடினால் "ஓ"விலும் "பு"விலும் மாறி மாறிக் கிடைக்கிறார். எவ்வளவோ செய்தும் இவர் பெயர் நம் நினைவில் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மற்றவர்கள்

லண்டனில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்த ஆர்தர் ஓ'ஷானஸி (1844–1881) பகலில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஊர்வன பிரிவில் வேலை பார்த்த கவிஞர். அவருடைய ஒரு கவிதைக்கு 1912-இல் எல்கர் இசையமைத்தார். தென் அமெரிக்காவின் ஒரு பல்லி இனத்துக்கு இவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனால் விலங்குகளின் அறிவியல் பெயரில் ஒற்றைக் குறி கூடாது என்பது விதி. அதனால் அங்கே "ஓஷானஸியி"! நான் ராத்திரி இரண்டு மணிக்குச் செய்ததை விஞ்ஞானிகள் விதி போட்டே செய்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் மூன்று முறை பிரீமியராக இருந்த ஜான் ஓ'ஷனஸி தன் பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதினார். கனடியன் பசிபிக் ரயில்வேயின் தலைவராக 1899 முதல் 1918 வரை இருந்த தாமஸ் ஷானஸிக்கு "ஓ"வே இல்லை.

அடுத்தவர் என்னைப் போன்ற ஆன்சைட் ஆசாமிகள் தினமும் கும்பிட வேண்டியவர். மைக்கேல் ஓ'ஷானஸி, 1864-இல் லிமரிக் பக்கம் பிறந்த சிவில் இன்ஜினியர். 1912 முதல் சான் பிரான்சிஸ்கோவின் நகரப் பொறியாளர். யோசெமிட்டி பூங்காவுக்குள், ஜான் மூர் கடைசிவரை எதிர்த்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்டி, நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர். 1923-இல் முடிந்த அந்த அணைக்கு அவர் பெயர்தான். தண்ணீர் நகரை எட்டியது 1934 அக்டோபர் 28 அன்று. அவர் இறந்தது அக்டோபர் 12. பதினாறே நாள்! அந்த ஊரில் ஆறு மாதம் இருந்தபோது குழாயைத் திறந்தால் வந்தது அந்தத் தண்ணீர்தான். அப்போது இந்தக் கதை எனக்குத் தெரியாது.

கடைசியாக எய்லீன் ஓ'ஷானஸி. 1905-இல் இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸில் பிறந்து, சண்டர்லாந்தில் பள்ளி போனவர். (ஆமாம், வில்லியம் காலராவைப் பார்க்கப் போன அதே ஊர்.) ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். தன் பள்ளியின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக 1934-இல் அவர் எழுதிய கவிதையின் தலைப்பில் "1984" என்ற எண் இருக்கிறது. 1936-இல் ஜார்ஜ் ஆர்வெல்லை மணந்தார். அடுத்த வருஷமே ஸ்பெயினுக்குப் போய், பார்சிலோனாவில் வேலை பார்த்து, கழுத்தில் குண்டடிபட்ட கணவரோடு போலீஸ் கையில் சிக்காமல் தப்பி வந்தார். 1945 மார்ச் 29 அன்று அறுவைசிகிச்சை மேசையில், மயக்க மருந்து கொடுத்த நிலையில் இறந்தார். வயது 39.

"ஆர்வெல்" புனைபெயர். உண்மைப் பெயர் எரிக் பிளேர். எய்லீனின் கல்லறையில் "எரிக் ஆர்தர் பிளேரின் மனைவி எய்லீன் மாட் பிளேர்" என்றுதான் இருக்கிறது. ஓ'ஷானஸி அங்கேயும் இல்லை.

திரும்ப அந்த ஒரு வரிக்கு

எனக்கு என் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பாவின் முதல் எழுத்து ஒன்றுதான். வெளிநாட்டுப் படிவங்களில் "குடும்பப்பெயர் கட்டாயம்" என்று சிவப்பில் வரும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். இந்தப் படிவத்தை எழுதியவன் என்னை மாதிரி ஆளைப் பார்த்ததே இல்லையா என்று திட்டுவேன். அதே வேலையை நான் இன்னொருவருக்குச் செய்திருக்கிறேன் என்பது உறைக்க இத்தனை வருஷம் ஆனது.

சரியான தீர்வு அப்போதும் இருந்தது. பெயரைக் கட்டளையோடு ஒட்டாமல் தனியாக அனுப்பும் முறை, பேராமீட்டர் க்வெரி. பெயரில் எந்தக் குறி இருந்தாலும் அது பாட்டுக்குப் போய் உட்காரும். கூடுதலாகப் பத்து நிமிஷ வேலை. நான் பெயரை வெட்டினேன். இப்போது டீமில் புதிதாகச் சேருபவர்களின் கோடில் பெயரைச் "சுத்தம்" செய்யும் வரி எதையாவது பார்த்தால், ரிவ்யூவில் நிறுத்திவைத்து இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் விடுகிறேன். பசங்க ஓட ஆரம்பித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த நிறுவனத்தை விட்டு வந்து பல வருஷம் ஆகிறது. புகார் வந்ததும் அவர் ஒருவருடைய பெயரை மட்டும் கையால் திருத்தினோம். என் வரி அப்படியே இருந்தது. இன்றைக்கும் அங்கே எங்கோ ஒரு சர்வரில் அது ராத்திரி இரண்டு மணிக்கு ஓடிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.