உடைந்த பல்லும் இரண்டு லட்ச ரூபாய்க் கண்ணாடியும்

1907-ம் ஆண்டு. இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பகுதியில், சம்பாவத் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெண்புலி செத்துக் கிடக்கிறது. நேபாளத்திலும் இந்தப் பக்கமுமாக அது கொன்ற மனிதர்கள் 436 பேர் என்று கணக்கு. சுட்டவர் ஜிம் கார்பெட்.

செத்த புலியின் வாயைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வலது பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல்பல் பாதி போயிருந்தது. கீழ்ப்பல் எலும்பு வரைக்கும் காலி! எப்போதோ யாரோ சுட்ட தோட்டா செய்த வேலை அது. பல் போன புலியால் காட்டு மிருகங்களைப் பிடிக்க முடியவில்லை. புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் வந்த பெண்கள் அதற்குச் சுலபமான இரையாகிப் போனார்கள்.

அந்தத் தோட்டாவைச் சுட்டவர் பெயர் சரித்திரத்தில் இல்லை. ஒரு நொடி குறி பிசகியது. விளைவு, 436 உயிர்!

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ரைஃபிளுக்கு மேலே குட்டிக் குழாய் மாதிரி மாட்டுவார்களே... ஸ்கோப். அதற்கு இத்தனை பணத்தைக் கொட்டணுமா என்பது வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் இன்றைக்கும் தீராத பஞ்சாயத்து. உசத்தியான ஜெர்மன், ஆஸ்திரிய ஸ்கோப்புகள் நம்ம பணத்தில் இரண்டு லட்சத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பல நேரம் துப்பாக்கியைவிட ஸ்கோப்தான் விலை அதிகம்.

'நமக்கென்ன சார் அதைப் பத்தி? இங்கேதான் 1972-லேயே சட்டம் போட்டு வேட்டையை நிறுத்தியாச்சே' என்பீர்கள். சரிதான். ஆனால், அந்த உடைந்த பல்லை ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டால், இதைப் பணக்காரர்களின் பொழுதுபோக்குச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. குறி தப்பினால் வெறும் ஏமாற்றம்தான். பாதி தப்பினால் காயம்பட்ட மிருகம்.

சரி, கார்பெட் என்ன ஸ்கோப் வைத்திருந்தார்?

ஒன்றும் வைத்திருக்கவில்லை!

சம்பாவத் வேட்டைக்குப் பரிசாக, ஐக்கிய மாகாணங்களின் லெஃப்டினென்ட் கவர்னர் சர் ஜான் ஹூவெட் அவருக்கு ஒரு ரைஃபிள் கொடுத்தார். லண்டன் ரிக்பி கம்பெனியின் .275. குழலின் பின்பக்கம் ஒரு பள்ளம், நுனியில் ஒரு முனை. இரண்டையும் கண்ணால் ஒரே கோட்டில் நிறுத்திச் சுடவேண்டியதுதான். 1930-ல் சவுகர் பெண்புலியை அவர் சுட்டது இந்தத் துப்பாக்கியால்தான். அப்போது அவருடைய இடது கையில் என்ன இருந்தது தெரியுமா? இரண்டு பறவை முட்டைகள்! பாறையைச் சுற்றித் திரும்பினால் புலி படுத்திருக்கிறது. எட்டடி தூரம். முட்டைகளைக் கீழே போடாமல், வலது கையால் மட்டும் ரைஃபிளை மெள்ள மெள்ளத் திருப்பிச் சுட்டார்.

சம்பாவத் கதை இன்னும் விசேஷம். கையில் இருந்த மூன்று தோட்டாக்களும் தீர்ந்துபோய், தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஓடினார். கிட்டே போய் நிமிர்த்திப் பார்த்தால், குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவில் இடைவெளி. வேறு வழியில்லை. புலியின் திறந்த வாய்க்குக் குறி வைத்தார். குண்டு போய்ப் பட்டது பாதத்தில். இத்தனைக்கும் இருபதடி தூரம்தான். முன்னமே பட்டிருந்த தோட்டாக்கள் வேலையை முடித்திருந்ததால் மனுஷர் பிழைத்தார்.

எட்டடி, இருபதடி... இந்தத் தூரத்தில் உலகத்திலேயே விலை உயர்ந்த ஸ்கோப்பை மாட்டியிருந்தாலும் மஞ்சளும் கறுப்புமாக ரோமம்தான் தெரிந்திருக்கும்.

அப்படியானால் ஸ்கோப் வெட்டிச் செலவா? அவசரப்படாதீர்கள். அடர்ந்த காட்டின் கணக்கு வேறு, வெட்டவெளியின் கணக்கு வேறு.

அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே (1861-65) ஸ்கோப் இருந்தது. கிட்டத்தட்டத் துப்பாக்கிக் குழல் நீளத்துக்கு! முதல் உலகப் போர் வந்தபோது ஜெர்மனி முந்திக்கொண்டது. காரணம், அங்கே வேட்டைக்காரர்களிடம் ஸ்கோப் மாட்டிய ரைஃபிள்கள் தயாராக இருந்தன. அவற்றைத் திரட்டிப் பதுங்குகுழிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அடிவாங்கிய பிறகுதான் விழித்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குக் கைகொடுத்தவர் ஹெஸ்கெத்-பிரிச்சர்ட். கிரிக்கெட் வீரர், எழுத்தாளர், பெரிய வேட்டைக்காரர். 1915-ல் தன்னுடைய ஸ்கோப் ரைஃபிள்களை எடுத்துக்கொண்டு பிரான்ஸுக்குப் போனார். அங்கே இருந்த ஸ்கோப் துப்பாக்கிகளைச் சோதித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏராளமானவை குறி விலகிச் சுட்டுக்கொண்டிருந்தன. கண்ணாடி உசத்தி, கம்பெனி உசத்தி... வைத்திருந்த சிப்பாய்க்கு அதைக் குறிக்குச் சரிசெய்யத் தெரியாது! போதாக்குறைக்கு, பல ஸ்கோப்புகளைத் துப்பாக்கியின் இடது பக்கமாக மாட்டியிருந்தார்கள். காப்புத்தகட்டின் குறுகிய துளை வழியாகப் பார்த்தால் பாதித் துளை மறைக்கும். பிரிச்சர்ட் உட்கார்ந்து பள்ளிக்கூடமே ஆரம்பித்தார். தோட்டத்தில் அடித்த ஆணி எங்கே போகும் என்கிற மாதிரி இருந்த குறியை நேராக்கிக் காட்டினார்.

இப்போது மறுபடியும் 1930-க்கு வருவோம். சவுகர் புலி செத்த அதே வருடம். அமெரிக்காவில் பங்குச்சந்தை கவிழ்ந்து, ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம். அந்த நேரம் பார்த்து பில் வீவர் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் ஒரு ஸ்கோப்பைச் செய்து விற்க ஆரம்பித்தார். பெயர் 330. விலை, மாட்டும் பிடியோடு சேர்த்து 19 டாலர்!

அதுவரை ஸ்கோப் என்றால் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டிய சீமைச் சரக்கு. அதை மாட்டித்தரக் கைதேர்ந்த ஆசாரிக்குத் தனியாக அழவேண்டும். வீவரின் மெல்லிய குழாய், பண்ணையில் வேலை செய்கிறவனுக்கும் எட்டியது. கண்பார்வை மங்கின விவசாயி மறுபடி மான் சுட்டார். 1933-ல் டெக்ஸாஸின் எல் பாசோவுக்குத் தொழிற்சாலையை மாற்றி, அங்கேயே பெரிய ஆளாகிவிட்டார் வீவர்.

'அப்புறமென்ன, மலிவே போதும்' என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? அதற்கும் ஒரு பரீட்சை வந்தது. இரண்டாம் உலகப் போர். அமெரிக்க ராணுவம் தன் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளுக்குக் கேட்டது லைமன் கம்பெனியின் உசத்தியான ஸ்கோப்பை. தேவைக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்தது வீவரின் மலிவு ஸ்கோப்! கடையில் வேட்டைக்காரனுக்கு விற்ற அதே சரக்குக்கு ராணுவ நம்பர் போட்டுப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அந்த ரைஃபிளில் சாதாரணக் குறிமுனை கிடையாது. மழையிலும் ஈரத்திலும் ஸ்கோப்புக்குள் பனி படிந்தால், சிப்பாய் குருடன்தான். சண்டை நடக்கும் இடத்தில் நின்றுகொண்டு கண்ணாடியைத் துடைக்கவா முடியும்? உள்பக்கம் படிந்த பனி ஆயிற்றே!

போர் முடிந்த கையோடு அந்த நோய்க்கு மருந்து வந்தது. ஓரிகான் மாநிலத்தில் மார்கஸ் லியூபோல்டு, தன் ஸ்கோப் பனி படிந்ததால் ஒரு மானைத் தவறவிட்டாராம். கம்பெனிக்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும் கதை. 1947-ல் உள்ளே நைட்ரஜன் வாயுவை அடைத்து மூடின ஸ்கோப்பைக் கொண்டுவந்தார். இன்றைக்கு மலிவு ஸ்கோப்பிலும் அந்த வித்தை இருக்கிறது.

விலை ஏறுவதற்கு இன்னொரு காரணம், வெளிச்சம். கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கைத் திருப்பி அடித்துவிடும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு காலி! 1935-ல் ஜெர்மனியின் ஜீஸ் கம்பெனியில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, லென்ஸ்மேல் மெல்லிய பூச்சு பூசி இந்த இழப்பைப் பெருமளவு தடுத்தார். ஜெர்மனி அதை ராணுவ ரகசியமாகப் பொத்திவைத்தது. லென்ஸ் சாய்த்துப் பார்த்தால் ஊதாவாக மின்னுகிறதே, அது இந்தப் பூச்சின் பரம்பரைதான்.

நடுப்பகலில் இருபதாயிரம் ரூபாய் ஸ்கோப்பையும் இரண்டு லட்சத்து ஸ்கோப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. சாயங்காலம் பாருங்கள். ஜெர்மனியில் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் வரை மான் சுட அனுமதி உண்டு. காட்டுப்பன்றிக்கு அந்தத் தடையும் இல்லை. பரண்மேல் உட்கார்ந்திருப்பவருக்கு, அது தனியாக வந்த பன்றியா, குட்டிகளோடு வந்த தாயா என்று கடைசிப் பத்து நிமிஷத்தில் தெரிந்தாக வேண்டும். உசத்திக் கண்ணாடி அங்கே தன் விலையைச் சம்பாதித்துக்கொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்குப் பிடித்த அளவு 8×56. எட்டு மடங்கு பெரிதாக்கும். முன்லென்ஸ் 56 மில்லிமீட்டர். வகுத்தால் ஏழு. அதாவது ஏழு மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை கண்ணுக்கு வரும். இருட்டில் இளவயதுக்காரரின் கண்பாவை விரிவதும் ஏறத்தாழ ஏழுதான். வயது அறுபதைத் தொட்டால் பலருக்கு ஐந்தே தேறாது. மீதி வெளிச்சம் கண்ணுக்குள் போகாமல் வெளியே சிந்திவிடும். இரண்டு லட்சம் கொடுத்து வாங்கும் வசதி எந்த வயதில் வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

இவ்வளவும் இருந்தும், சில சமயம் குறி பிசகத்தான் செய்யும். ஜெர்மன் மாநிலச் சட்டங்கள் அதற்கும் இடம் வைத்திருக்கின்றன. காயம்பட்ட மிருகத்தைத் தேடிப் பிடிக்கப் பழக்கின நாய் இல்லாமல் வேட்டை இல்லை. ஹனோவர் வகை மோப்ப நாயை நீளக் கயிற்றில் கட்டி, ரத்தத் துளிகளைப் பின்பற்றிப் புதருக்குள் போவார்கள். அந்த நாய்க்காரர் தோளில் தொங்குவது பெரும்பாலும் ஒரு குட்டை ரைஃபிள்தான். முள்ளுக்குள் பன்றி எழுந்து நிற்பது பத்தடி தூரத்தில் என்பதால், 8×56-ஐ அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார்.