ஒபினெல்: 50 கிராம் கத்தியும் ஒரு வளையமும்

தினமும் பாக்கெட்ல வெச்சுக்க எடை குறைவான மடக்குக் கத்தி ஒண்ணு தேட ஆரம்பிச்சீங்கன்னா, ஒபினெல்ங்கிற பேர் சீக்கிரமே வந்து நிக்கும். 8ஆம் நம்பர் கத்தி 50 கிராமுக்கும் கம்மி. என் போன் அதைவிட மூணு மடங்கு கனம்.

கதை பிரான்ஸோட ஆல்ப்ஸ் மலையில, சவோய் பகுதியில ஆரம்பிக்குது. விவசாயக் கருவிகள் அடிக்கிற பட்டறைக் குடும்பம். 1890ல, 18 வயசு ஜோசப் ஒபினெல் அங்கே இந்தக் கத்தியைச் செய்யறார். 1897ல 1லேர்ந்து 12 வரைக்கும் நம்பர் போட்டு 12 அளவுகள் வந்தாச்சு.

எடை எப்படிக் குறைஞ்சது? வழக்கமான மடக்குக் கத்தியோட முதுகுல ஒரு ஸ்பிரிங் இருக்கும். கைப்பிடிக்குள்ள உலோகத் தகடும் இருக்கும். ஒபினெல்ல ரெண்டும் கிடையாது. ஒரு மரக்கட்டை, பெரும்பாலும் பீச் மரம். அதுல ஒரு பிளவு, ஒரு அலகு, ஒரு ரிவெட், சுத்தி ஒரு உலோக வளையம். அவ்ளோதான். அலகைப் பிடிச்சு நிறுத்துறது வெறும் உராய்வு. ஈரத்துல மரம் ஊதிப்போனா அலகு வெளியவே வராது. அப்போ கைப்பிடியோட பின்முனையை மேசையில ஒரு தட்டு தட்டணும். இதுக்குச் 'சவோய்க்காரர் தட்டு'ன்னு பேரே இருக்கு!

ஆனா உராய்வை மட்டும் நம்பினா, முனையால அழுத்தும்போது அலகு மடங்கி விரல்ல இறங்கலாம். 1955ல மார்செல் ஒபினெல் இதுக்கு ஒரு தீர்வு கண்டுபிடிச்சார். பழைய வளையத்து மேல, திருகுற மாதிரி இன்னொரு வளையம். திருகினா அலகு பூட்டிக்கும். ஸ்பிரிங் இல்லை, கனமும் கூடலை. ஒரு இன்ஜினியரா எனக்கு இது ரொம்பப் பிடிச்ச தீர்வு. 6ஆம் நம்பர்லேர்ந்து மேல எல்லாத்துலயும் இப்போ இது உண்டு.

இந்த வளையம்தான் பிரிட்டன்ல சிக்கலாகுது. அங்கே 1988 குற்றவியல் நீதிச் சட்டப்படி, தக்க காரணம் இல்லாம பொது இடத்துல கத்தி வெச்சிருக்கக் கூடாது. 3 அங்குலத்துக்கு மிகாத வெட்டுமுனை உள்ள மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு. 6ஆம் நம்பரோட அலகு 7 செ.மீ., அதாவது 3 அங்குலத்துக்கும் கீழேதான். ஆனா 1993ல ஹாரிஸ் வழக்குல நீதிமன்றம் என்ன சொல்லிச்சுன்னா, பூட்டிக்கிற கத்தி 'மடக்குக் கத்தி' கணக்குல வராது. மடக்கணும்னு நினைச்ச உடனே மடங்கணுமாம். விரலைக் காப்பாத்த வந்த வளையம், அந்த விலக்கை ரத்து பண்ணிடுச்சு. பூட்டு இருந்தா கத்தி ஆபத்தானதுன்னு பார்க்கிறது எனக்குச் சரியாப் படலை. ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு.

அதனால லண்டன்லேர்ந்து கேக்கறவங்க 5ஆம் நம்பரைப் பாருங்க. அலகு 6 செ.மீ., பூட்டு கிடையாது. ஆப்பிள் நறுக்க, பார்சல் பிரிக்கத் தாராளமாப் போதும். முனையால குத்தித் தோண்டற வேலைக்கு மட்டும் அதை எடுக்காதீங்க.