யார் கைக்கு இந்தப் பிடி?

எங்க ஊத்துக்கோட்டை பஜாரில் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னாடியே தகரத் துப்பாக்கிகள் தொங்க ஆரம்பித்துவிடும். எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து அப்பா ஒன்றுதான் வாங்குவார். சிவப்புச் சுருள் கேப்பை உள்ளே மாட்டி, ட்ரிக்கரை இழுத்தால் 'டப்'. ஆனால் எங்க இரண்டு பேருக்குமே பிடியைச் சரியாகப் பிடித்தால் ட்ரிக்கருக்கு விரல் எட்டாது, ட்ரிக்கர் எட்டினால் பிடி நழுவும். தகரத்தின் இரண்டு பாதியும் சேரும் விளிம்பு வேற உள்ளங்கையைக் கடிக்கும். அப்பா பழைய சைக்கிள் ட்யூபை நீளமா வெட்டி, பிடியில் சுற்றிக் கொடுப்பார். கடிக்கிறது நிற்கும். ஆனா பிடி இன்னும் தடிமனாகி, விரல் இன்னும் எட்டாமப் போகும்.

முப்பது வருஷம் கழிச்சு இதே பிரச்சினையை வேறொரு இடத்தில் படித்தேன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 19ஆம் நூற்றாண்டு ரிவால்வர்களின் மறுபதிப்பை வாங்கிச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, அறைக்கு ஒரு செம்புக் கேப் மாட்டிச் சுடும் பழைய முறை. அவர்கள் எழுதுவதில் பாதி, பிடி கைக்கு ஒத்துவரவில்லை என்கிற புலம்பல்தான். அந்த ரிவால்வர்களை நான் சுட்டதில்லை. ஆனா அந்தப் புலம்பல் எனக்குப் புரிந்தது. இந்தக் குறிப்பு அதைப் பற்றி.

முதலில் அந்தக் கேப். தட்டினால் வெடிக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அவருக்குப் பறவை வேட்டையில் ஆசை. சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் முதலில் ஒரு பளிச், அப்புறம்தான் வெடி. அந்த இடைவெளியில் பறவை பறந்துவிடும். 1807இல் அவர் காப்புரிமை வாங்கினார். அடுத்த இருபது ஆண்டுக்குள் அது சின்னச் செம்புத் தொப்பியாக உருமாறியது. நம்ம பொட்டு வெடியும் சுருள் கேப்பும் அதே யோசனையின் பேரப்பிள்ளைகள்.

கேப் வந்ததால்தான் சுழலும் உருளை வைத்த ரிவால்வர் உருப்படியாக வேலை செய்தது. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவருடைய 1851 'நேவி' மாடல் சுமார் 1.2 கிலோ எடை, ஆறு குண்டு. அதன் பிடி கலப்பையின் மேழி மாதிரி வளைந்து, கீழே விரிந்திருக்கும். ஏன் அந்த வளைவு?

குழல் கைக்கு மேலே இருக்கிறது. வெடித்ததும் விசை குழலின் நேர்கோட்டில் பின்னால் தள்ளும், கை அதற்குக் கீழே பிடித்திருக்கும். அதனால் வாய் மேலே எழும்பும், பிடி உள்ளங்கைக்குள் உருளும். கோல்ட்டின் வளைவு அந்த உருளலைத் தடுப்பதில்லை, வழி விடுகிறது. உதை ஒரே இடத்தில் குத்தாமல் பரவுகிறது. உருண்டு முடிக்கும்போது, பின்னால் கொக்கி மாதிரி நிற்கும் ஹாமர் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கோல்ட்டில் ஒவ்வொரு சுடலுக்கும் கட்டைவிரலால் ஹாமரை இழுக்கணும், அதற்கு இது வசதி.

1851இல் லண்டன் பெரும் கண்காட்சியில் கோல்ட் கடை விரித்தபோது, அங்கேயே உள்ளூர்க்காரர் ராபர்ட் ஆடம்ஸும் தன் ரிவால்வரை வைத்திருந்தார். அதில் ஹாமரைக் கையால் இழுக்கவே முடியாது. ட்ரிக்கரை அழுத்தினால் எல்லாம் தானே நடக்கும். கட்டைவிரலுக்கு வேலை இல்லை என்றால் கை நகர வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் ஆடம்ஸ் பிடியின் உச்சியில் பின்பக்கமாக ஒரு மேடு வைத்தார். கை மேலே ஏறாமல் அது பூட்டிவிடும். இரண்டு இயந்திரம், அதனால் இரண்டு பிடி. 1856இல் பியூமாண்ட் என்ற ராணுவப் பொறியியல் அதிகாரி இரண்டு முறையையும் ஒரே ரிவால்வரில் சேர்க்கும் காப்புரிமை பெற்றார். பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

அடுத்த வருஷமே இந்தியாவில் 1857. கொழுப்புத் தடவிய தோட்டா என்று நாம் பள்ளியில் படித்த என்ஃபீல்டும் கேப்பில் வெடித்ததுதான். ஆங்கில அதிகாரிகள் இடுப்புத் துப்பாக்கியைப் பெரும்பாலும் சொந்தக் காசில் வாங்கினார்கள். சென்னையிலும் துப்பாக்கி வியாபாரம் நடந்தது. கடிகாரத்துக்குப் பேர்போன மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் தன் பெயர் பொறித்த துப்பாக்கிகளை விற்ற கடை. வாங்கும் கை யாருடையது என்பதில் சந்தேகம் வேண்டாம். 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியருக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு.

இப்போ எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வாங்க. அங்கே தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் இருக்கின்றன. மராத்திய அரசு முடிந்தபின், 1860களில் அந்த ஆயுதசாலையின் பெரும்பகுதி பழைய இரும்பாக உடைபட்டது. தப்பித்தவற்றில் ஒரு பங்கு இவை. கட்டாரிப் பிடி இரண்டு குறுக்குக் கம்பி, மூடிய முஷ்டிக்குள் உட்காரும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையை மூடி ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாப் பிடியும் ஒரே அகலம் இல்லை. சிலதில் என் நாலு விரல் நுழையாது. கொல்லன் அடித்த பொருள் அப்படித்தான், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது.

கோல்ட் தொழிற்சாலை இதற்கு நேர் எதிர். பாகங்களை இயந்திரம் வெட்டும், கடைசிப் பொருத்தத்துக்கு மட்டும் கை அரம். 1851 நேவி மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல் வந்தது, ஏறக்குறைய ஒரே பிடியோடு. விலை குறைந்தது, பழுது பார்ப்பது சுலபமானது. ஆனால் அதுவரை கைக்கு ஏற்றபடி பிடி வந்த இடத்தில், இனி பிடிக்கு ஏற்றபடி கை வர வேண்டியதாயிற்று.

மறுபதிப்புக்காரர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். 1950களின் கடைசியில் இத்தாலியின் வால் த்ரோம்பியா பள்ளத்தாக்கில் உபெர்ட்டி போன்றவர்கள் நேவி மாடலை மறுபடி செய்யத் தொடங்கினார்கள். அளவு பழையது, கை புதியது. பெரிய கைக்காரருக்குச் சுண்டுவிரலுக்கு இடமில்லை, அதைப் பிடிக்கு அடியில் மடித்து வைத்துக்கொள்கிறார். சிலருக்கு ட்ரிக்கர் வளையத்தின் பின்பக்கம் நடுவிரல் முட்டியில் அடிக்கும். உடனே எல்லாரும் உப்புத்தாளை எடுத்து மரத்தைத் தேய்க்கிறார்கள். ஆனால் மரத்துக்கு முன்னும் பின்னும் உலோகச் சட்டம் இருக்கிறது. தடிமனைக் குறைக்கலாம். நீளத்தையும் வளைவையும் தொட முடியாது, அதை அச்சு தீர்மானித்துவிட்டது. நீளம் வேண்டுமென்றால், பிடி கொஞ்சம் நீண்ட 1860 'ஆர்மி' மாடலுக்குப் போகணும்.

அவர்களுக்கு இது விடுமுறை நாள் பொழுதுபோக்கு. பிடிக்கலைன்னா வித்துட்டு வேற வாங்கலாம்.

என் அக்கா கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில் ஒயர் லைனில் வேலை செய்தாள். விடிகாலை கம்பெனி பஸ், எட்டு மணி நேரம் கையில் கிரிம்பிங் டூல். ஒயர் முனையில் பின்னை வைத்து, ஒரே அழுத்து. ஒரு ஷிப்டில் எத்தனை அழுத்து என்று அவளே எண்ணுவதை விட்டுவிட்டாள். கட்டைவிரல் அடியில் வலி ஆரம்பித்தது. "பிடி ரொம்ப அகலம் சார்"னு சொன்னதற்கு, "எல்லாருக்கும் இதே டூல்தான்மா" என்று பதில். நான் ஒரு நாள் அளந்தேன். டூலைத் திறந்து வைத்தால் கைப்பிடிகளுக்கு நடுவே 11 செ.மீ. அமெரிக்காவின் நியோஷ் 2004இல் கலிஃபோர்னியா அரசோடு சேர்ந்து வெளியிட்ட கைக்கருவி வழிகாட்டி, இந்த மாதிரி இரட்டைப் பிடிக்கு 9 செ.மீ.க்கு மேல் வேண்டாம் என்கிறது. அதுவே ஓர் உச்சவரம்பு. அக்கா கை அதைவிடச் சின்னது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? சைக்கிள் ட்யூபை வெட்டிப் பிடியில் சுற்றினாள். "கடிக்கிறது நின்னுச்சுடா, ஆனா இன்னும் எட்டாமப் போச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கடைசியில் பேக்கிங் பக்கம் மாற்றினார்கள், லைனுக்கான படி போச்சு. இன்றைக்கும் சாதம் பிசைய இடது கையைத் துணைக்கு வைத்துக்கொள்கிறாள்.

பழைய ரிவால்வர் பிடியைப் படித்ததில் எனக்குக் கிடைத்தது இதுதான். பிடி ஒத்துவரவில்லை என்றால் நாம் கையைத்தான் குறை சொல்கிறோம், "பழகிடும்" என்கிறோம். ஆனால் ஒவ்வொரு பிடியிலும் யாரோ ஒருவருடைய கை அளவு ஏற்கெனவே முடிவாகி உட்கார்ந்திருக்கிறது. கோல்ட்டுக்கு ஓர் அமெரிக்க ஆண், ஆடம்ஸுக்கு ஓர் ஆங்கில அதிகாரி. அக்காவின் டூலுக்கு யாரென்று தெரியாது, ஆனால் அவள் இல்லை. ட்யூப் சுற்றியும் மரத்தைத் தேய்த்தும் அதைப் பாதிதான் திருத்த முடியும். மீதி, அளவு போடும் இடத்திலேயே நடக்கணும்.

உங்க வீட்டில் தையல் கத்திரியோ, பிளையரோ, அரிவாள்மனையோ, யாராவது துணி சுற்றி வைத்திருந்தால் ஒரு நிமிஷம் எடுத்துப் பாருங்கள். அது அழகுக்குச் சுற்றியது இல்லை.