அகராதியும் அதன் நோக்கமும்

வேற்று மொழி ஒன்றைக் கற்கப் புகும் மாணவர்கள், எந்த அகராதியை வாங்குவது என்று கேட்பதுண்டு. மன்னார்குடிக் கல்லூரி மாணவர் ஒருவர், செக் மொழி கற்பதற்கு ஏற்ற அகராதி எது என்று என்னை வினவினார். பிராகா நகரில் 1927இல் பிறந்த கமில் சுவலபில் தமிழைக் கற்று, நம் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார் அன்றோ? அவருடைய தாய்மொழியை நாமும் கற்க முயல்வது நன்றே. ஆயின், சொற்கள் மிகுந்த நூலே சிறந்த நூல் என்பது மாணவர் எண்ணம். நான் அவ்வாறு கருதவில்லை. ஓர் அகராதி எவருக்காகச் செய்யப்பட்டது என்பதையே முதற்கண் ஆராய்தல் வேண்டும். இதற்குச் சான்று தேடிப் பிராகாவுக்குப் போக வேண்டுவதில்லை. பழைய தஞ்சை மாவட்டத்துக் கடற்கரையே போதும்.

தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டு சீகன்பால்கு வந்திறங்கினார். அவர் தொடங்கிய சமயப்பணிக்கு 1740இல் வந்து சேர்ந்த செர்மானியர் பப்ரீசியஸ். அவர் ஈராண்டில் சென்னைக்குச் சென்றார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த அச்சுக்கருவிகளும் அவர்கள் வசமாயின. அவை வேப்பேரியில் பப்ரீசியஸிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்த வேப்பேரியில், பிரைதாப்ட் என்பாரின் துணையுடன் அவர் செய்த தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது. அதன் முகப்பில் 'மலபார் மொழி' என்னும் பெயரே முன் நிற்கிறது. தமிழை ஐரோப்பியர் அவ்வாறு வழங்குவர் என்னும் விளக்கம் அதன் பின்னர்தான் வருகிறது. தமிழ்நாட்டில் அச்சான தமிழகராதியில் தமிழின் பெயர் இரண்டாம் இடம் பெற்றது! நூல் எவருக்காக என்பதை அம்முகப்பே சொல்லிவிடுகிறது.

ஏழாண்டு கழித்து, 1786இல், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செல்லும் பகுதியும் வெளிவந்தது. ஒன்று இருக்க மற்றொன்று எதற்கு? கேட்ட சொல்லின் பொருளை அறிவது ஒரு தேவை. நினைத்ததைச் சொல்லுவதற்குச் சொல் தேடுவது வேறு தேவை. நம் வயலையே எடுத்துக்கொள்வோம். களத்தில் கிடப்பது நெல். குத்திப் புடைத்தால் அரிசி. வெந்து இலையில் விழுந்தால் சோறு. ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்னும் ஒரு சொல் இம்மூன்றுக்கும் வழங்குதல் உண்டு. அச்சொல்லுக்கு நேரே நெல், அரிசி, சோறு என மூன்றையும் வேறுபாடு காட்டாது அடுக்கிவைத்த அகராதியை நம்பும் அயல்நாட்டார், பந்தியில் அமர்ந்து, இன்னும் கொஞ்சம் நெல் போடுங்கள் என்று கேட்க நேரும்.

வினைச்சொற்களின் நிலையோ இன்னும் கடினம். 'முடி' என்பதற்குப் பொருள் மட்டும் அறிந்த அயலார், முடிந்தது, முடித்தான் என்னும் வேறுபாட்டை எவ்வாறு உணர்வர்? நமக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. பப்ரீசியஸின் அகராதி திருத்தம் பெற்று 1897இல் தரங்கம்பாடியில் வெளிவந்தது. வினைகளை வகைப்படுத்தி எண்ணிடும் முறையை அவ்வழிப் பதிப்புகளிற் காணலாம். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிலும் அது உண்டு. நாம் கண்டும் காணாமற் புரட்டிச் செல்லும் அச்சிற்றெண்ணே அயலாருக்கு உயிர்நாடி.

பெருமைக்கும் பயனுக்கும் உள்ள வேற்றுமையைச் செக் நாட்டிலும் காணலாம். ராட்லரின் தமிழ்–ஆங்கில அகராதி 1834 முதல் 1841 வரை வேப்பேரியில் அச்சாயிற்று. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், 1834 முதல் 1839 வரை, பிராகாவில் யோசப் யுங்மன் ஐந்து பெருந்தொகுதிகளாகச் செக்–செர்மானிய அகராதியை வெளியிட்டார். உயர்கல்வியிலும் அலுவலகத்திலும் செர்மானியமே ஓங்கியிருந்த காலம் அது. தம் மொழியால் எதனையும் சொல்ல இயலும் என்று நிறுவுவது அவர் நோக்கம். குறைந்த சொற்களை இனமொழிகளிலிருந்தும் எடுத்துச் சேர்த்தார். போற்றத்தக்க செயல், ஆயினும் இன்று அம்மொழியைக் கற்கத் தொடங்குவோர் அதனைக் கைந்நூலாகக் கொள்ளலாகாது. 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதியை வைத்துக்கொண்டு, இன்றைய தமிழ் நாளிதழைப் படிக்க முயல்வது போன்றது அது.

ஆகவே அம்மாணவருக்கு நான் சொன்னது இதுவே. செக் மக்கள் ஆங்கிலம் கற்பதற்கென்று செய்த அகராதியில் ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பு விளக்கமாக இருக்கும். செக் பெயர்ச்சொல்லின் பால் இன்னதென்று இராமற்போகலாம். செக்காருக்கு அது எதற்கு? உமக்கோ, ஏழு வேற்றுமையிலும் அச்சொல் திரியும் வகை அதனால்தான் விளங்கும். ஆங்கிலம் அறிந்தோர் செக் கற்பதற்கென்று செய்ததையே தேடுக. 'ப்ஸாட்' என்றால் எழுதுதல். 'நப்ஸட்' என்றால் எழுதி முடித்தல். இவ்விணை வினைகளைச் சேர்த்துக் காட்டாத நூலைக் கடையிலேயே வைத்துவிடுக.

வாங்கிய பின்னரும் எழுத்து முறையை ஒருமுறை பார்த்துக்கொள்ளல் நலம். ரொட்டியைக் குறிக்கும் செக் சொல் 'சி', 'எச்' என்னும் இலத்தீன் எழுத்துகளோடு தொடங்குகிறது. அவ்விரண்டும் சேர்ந்து அம்மொழியில் ஓரெழுத்து. அகராதியில் 'எச்' வரிசை முடிந்த பிறகே அது வரும். 'சி' வரிசையில் தேடுவோருக்கு ரொட்டி கிடைக்காது.